காணாமல் போன முப்பத்தொரு நாள்

ஐயா நிபுணரே, உங்கள் ரிப்போர்ட் பொய்.

தெரிந்து எழுதினீர்களா, தெரியாமல் எழுதினீர்களா என்பது எனக்கு அடுத்த விஷயம். சோற்றில் கல் கிடந்தால் பல் உடையும். சமைத்தவர் வேண்டுமென்றே போட்டாரா என்று பல் விசாரித்துக்கொண்டிருக்காது.

வாசகர்களே, இந்தப் பக்கத்தில் வழக்கமாக நான் பஸ் கண்டக்டரோடும் கேஸ் ஏஜென்சியோடும் சண்டை போடுவேன். இந்த வாரம் ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமோடு சண்டை. கம்ப்யூட்டர் என்றதும் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்து வாங்கத் தெரிந்த எவருக்கும் இது புரியும்.

வெம்பக்கோட்டை ரோட்டில் ஒரு பட்டாசு ஆலை. பெயர் வேண்டாம். அங்கே மருந்து அறைகள் மூன்று. மருந்து என்றால் காய்ச்சலுக்குக் குடிப்பது அல்ல — வெடிக்குள் அடைக்கிற ரசாயனக் கலவைக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். அந்த மூன்று அறைகளிலும் வேலை பார்க்கிற பெண்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு மனு கொடுத்தார்கள். வெயில் காலத்தில் காலை ஆறு மணிக்கு வந்துவிடுகிறோம், பதினொரு மணிக்கு முடித்துக்கொள்கிறோம், உச்சி வெயிலில் மருந்துப் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள், கூலியில் கை வைக்காதீர்கள். இவ்வளவுதான் மனு.

பெரிய ஆசையா இது? சூடேறிய மருந்து எந்த நிமிஷம் என்ன செய்யும் என்று அதற்கே தெரியாது. விபத்துச் செய்தியை நாம் பேப்பரில் படிக்கிறோம். உச்சுக் கொட்டுகிறோம். அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். அந்தப் பெண்கள் அதைப் பேப்பரில் படிப்பதில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நின்று பார்க்கிறார்கள்.

முதலாளியும் கெட்டவர் அல்ல. தீபாவளி ஆர்டர் அவர் கழுத்தில் உட்கார்ந்திருக்கிறது. "சூடா இருக்கு, சூடா இருக்குன்னா எம்புட்டுச் சூடு? அளந்து பாப்போம். அளவு என்ன சொல்லுதோ அதுக்கு நான் கட்டுப்படுறேன்" என்றார். மார்ச், ஏப்ரல், மே — மூன்று மாதமும் அளப்பது. மருந்து அறைகளில் நடுப்பகல் வெப்பத்தின் சராசரி முப்பத்தாறு டிகிரியைத் தாண்டினால் மனு செல்லும். தாண்டாவிட்டால் பழைய நேரமே. இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டார்கள். நியாயமான ஏற்பாடு. இதில் எனக்குச் சண்டை இல்லை.

அளக்க வந்தவர்தான் நம் நிபுணர். வெளியூர் ஆய்வுக் கம்பெனி.

அறைக்கு ஒன்றாக — மருந்து அறை மூன்று, பேக்கிங் அறை ஒன்று — சோப்பு டப்பா அளவில் நான்கு கருவிகளை மாட்டினார்கள். பேட்டரியில் ஓடுவது. தீப்பொறி வெளியே வராதபடி சீல் வைத்தது என்று சர்டிபிகேட்டும் காட்டினார்கள். அது நாள் முழுக்க வெப்பத்தைக் குறித்துக்கொண்டே இருக்கும். நாள் முடிந்ததும் அன்றைய அளவுகளை ஒரு ஃபைலாகச் சேமித்துவிடும். ஒரு நாளுக்கு ஓர் அறைக்கு ஒரு ஃபைல். இதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

ஜூனில் ரிப்போர்ட் வந்தது. வழவழப்பான தாள், கலர் கலராகக் கோடுகள். மருந்து அறைகளின் சராசரி முப்பத்து நாலரை. பேக்கிங் அறை முப்பத்தைந்து. எல்லாம் முப்பத்தாறுக்குள். 'தரவுகள் முழுமையாக ஆராயப்பட்டன' என்று ஒரு வரி. கடைசிப் பக்கத்தில் ஒரு தாராளம் வேறு — 'ஒப்பீட்டளவில் பேக்கிங் அறை வெப்பம் மிகுந்திருப்பதால் அங்கு மின்விசிறி பொருத்துவது குறித்துப் பரிசீலிக்கலாம்.'

மனு செத்தது. சூலக்கரையில் தொழிலாளர் துறை அதிகாரி முன்னால் ஒரு கடைசிக் கூட்டம் மட்டும் பாக்கி. அதையும் முடித்துவிட்டால் பால் ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

அந்தச் சமயத்தில்தான் முத்துமாரி என் வீட்டுக் கதவைத் தட்டினாள். மனுவில் முதல் கையெழுத்து அவளுடையது. சாத்தூரில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். நான் காலேஜ் பிசிக்ஸ் லேபில் வேலை பார்க்கிறவள் என்பதால், எந்த மெஷின் கெட்டாலும் என்னிடம் வருவது எங்கள் தெருவின் வழக்கம். மிக்ஸி வரைக்கும் கொண்டு வருவார்கள்.

"அக்கா, மிக்ஸி இல்ல" என்று அவளே சொல்லிவிட்டுத்தான் உள்ளே வந்தாள். பர்ஸிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்தாள். "அந்த டப்பாக்குள்ள இருந்த கணக்கு அம்புட்டும் இதுல இருக்காம். ரெண்டு பக்கமும் குடுக்கணும்னு அதிகாரி அம்மா சொல்லிட்டாங்க. ரிப்போர்ட்டு பொய்யி. எங்கன பொய்யின்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

"பொய்ன்னு நீ எப்படிச் சொல்ற?"

"அங்கன உக்காந்தவ நானு."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கம்ப்யூட்டரைத் திறந்தேன். நான்கு ஃபோல்டர்கள். ஒவ்வொன்றிலும் தேதி போட்ட ஃபைல்கள். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால் பொங்கல் வந்துவிடும். லேபில் செய்வது போலவே பத்து வரியில் ஒரு புரோகிராம் எழுதினேன். மார்ச் முதல் தேதியில் ஆரம்பி, ஒவ்வொரு நாள் ஃபைலாகத் திற, நடுப்பகல் வெப்பத்தை எடு, கடைசியில் சராசரி போடு.

ஓட விட்டேன். பத்து நாள் ஓடியது. பதினோராம் நாளில் நின்றுவிட்டது. சிவப்பு எழுத்தில் ஒரு புலம்பல் — அப்படி ஒரு ஃபைல் இல்லை.

"என்னக்கா, நின்னு போச்சு?"

"ஒரு நாள் ஃபைல் இல்ல. அதான் முழிக்குது."

"அதுக்கு என்ன செய்வீக?"

என்ன செய்வேன்? எல்லாரும் செய்வதைத்தான் செய்தேன். 'ஃபைல் இல்லையென்றால் விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போ' என்று ஒரு வரி சேர்த்தேன். இந்த ஒரு வரியை உலகம் முழுக்க எத்தனை பேர் எழுதியிருப்பார்களோ தெரியாது. ரொம்ப வசதியான வரி. எழுதியதும் கம்ப்யூட்டர் வாயை மூடிக்கொள்ளும். நாம் காபி குடிக்கப் போகலாம்.

ஓடியது. எங்கும் நிற்கவில்லை. விடை வந்தது. மருந்து அறைகள் — முப்பத்து நாலரை. ரிப்போர்ட்டில் இருந்த அதே எண்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? யோசித்திருக்க வேண்டும். செய்யவில்லை. "முத்துமாரி, ரிப்போர்ட் சரிதான்மா. கணக்கு அதேதான் வருது" என்று சொல்லிவிட்டேன். ஆமாம். நானும் அதே தப்பைத்தான் செய்தேன். இதை மறைத்துவிட்டு அடுத்தவனைத் திட்டினால் எனக்கு வெட்கம் வேண்டாமா?

முத்துமாரிக்கு முகம் சிவந்துவிட்டது.

"சரியா? அக்கா, எம்புட்டுப் படிச்சிருக்கீக நீங்க! என் உள்ளங்காலு பொய் சொல்லுமா? நாங்க வெறுங்காலோட உள்ள போறவுக. செருப்புப் போட்டா கேட்லயே திருப்பிருவாங்க. இந்தக் காலு பாத்த சூட்ட அந்தச் சோப்பு டப்பா பாக்கலையாக்கும்?"

"நான் என்னடி செய்ய? எண் அப்படி வருதே."

"எண்ணுதான! பேக்கிங் ரூமுதான் சூடுன்னும் எண்ணு வருதுல்ல? அந்த ரூம நீங்க பாத்திருக்கீகளா? ஓட்டுக் கூரை. மேல வேப்ப மரம் கவுந்து கெடக்கு. நாங்க மத்தியானம் சோறு திங்க அங்கனதான் போவோம், குளுகுளுன்னு இருக்கும்னு. அந்த ரூமுக்கு ஃபேன் போடணுமாம்! எங்க ஃபோர்மேன் சண்முகவேல் அண்ணாச்சி இதப் படிச்சிட்டு, 'ஊட்டிக்கு ஏசி போடச் சொல்றான்லே இவன்'ன்னு சிரிச்சாரு."

அவள் கோபத்தில் சொன்னாள். எனக்குத்தான் உறைத்தது.

மரத்தடியில் ஓட்டுக் கூரை அறை சூடு. மொட்டை வெயிலில் நிற்கிற, கான்கிரீட் கூரை போட்ட மருந்து அறை குளிர்ச்சி. எந்த ஊர் பிசிக்ஸ் இது? யாராவது ஒரு மாணவன் இப்படி ஒரு விடையை என்னிடம் கொண்டு வந்திருந்தால் ரெக்கார்ட் நோட்டைத் தூக்கி எறிந்திருப்பேன். வழவழ தாளில் வந்ததால் கும்பிட்டு வாங்கிக்கொண்டேனா?

கம்ப்யூட்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். எத்தனை நாளைத் தாண்டிக் குதித்தாய்?

பேக்கிங் அறை — தொண்ணூற்றிரண்டு நாளும் இருந்தது. ஒன்று கூடக் குறையவில்லை.

மருந்து அறைகள் மூன்றும் — அறுபத்தொன்றுதான். முப்பத்தொரு நாள் இல்லை. மூன்றிலும் ஒரே முப்பத்தொரு நாள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துகிறேன். வகுப்பில் வாத்தியார் வருகைப் பதிவு எடுக்கிறார் என்று வையுங்கள். வராதவன் பெயரைக் கூப்பிடாமலே விட்டுவிட்டால் என்ன ஆகும்? நூறு சதவீத வருகை! தேற மாட்டான் என்று தெரிந்த பிள்ளைக்குப் பரீட்சைக்கு முன்னாலேயே டிசியைக் கொடுத்து அனுப்பிவிட்டு, 'நூறு சதவீதத் தேர்ச்சி' என்று பஸ் ஸ்டாண்டில் போர்டு வைக்கிற பள்ளிக்கூடம் உங்களுக்குத் தெரியாதா? போர்டில் இருக்கிற எண்ணில் ஒரு பொய் கிடையாது. போர்டே பொய்.

'இல்லையென்றால் விட்டுவிட்டுப் போ' என்கிற வரி செய்தது அதைத்தான்.

புரோகிராமைத் தலைகீழாக மாற்றி எழுதினேன். முன்பு, என்ன ஃபைல் கிடைக்கிறதோ அதை வைத்துக்கொண்டு ஓடியது. இப்போது, முதலில் என்னவெல்லாம் இருக்க வேண்டும் என்று ஒரு முழுப் பட்டியல் போடு. நான்கு அறை, தொண்ணூற்றிரண்டு நாள். கல்யாண வீட்டில் வராதவர்களையும் சேர்த்துத்தானே முதலில் பெயர் எழுதுகிறோம்? அப்படி. பிறகு ஒவ்வொன்றாகத் தேடு. இருந்தால் சேர். இல்லாவிட்டால் நிற்காதே, அலறாதே — ஆனால் அந்தக் கட்டத்தை வெற்றாக வைத்து 'இல்லை' என்று எழுது. கடைசியில் இல்லாததை எல்லாம் தேதியோடு கக்கு. பத்தில் ஒன்றுக்கு மேல் இல்லையென்றால் சராசரியே போடாதே, 'என்னால் முடியாது' என்று சொல்லிவிடு.

நிற்கவும் கூடாது. மறைக்கவும் கூடாது. இதுதான் வித்தை. முன்பு எழுதியதைவிட எட்டு வரிதான் கூடுதல்.

முப்பத்தொரு தேதிகள் திரையில் வரிசையாக வந்தன. முத்துமாரி கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். முதல் தேதி, இரண்டாவது தேதி, மூன்றாவது... அவள் முகம் மாறியது. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா... இது நாங்கதான்."

"என்ன நீங்கதான்?"

"இந்த நாளுல டப்பாவ அணைச்சதே நாங்கதான்."

அப்புறம்தான் சொன்னாள். மருந்து அறைக்கு வெளியே ஒரு சிமெண்டுப் படி. காலை பத்து மணிக்கு அந்தப் படியில் ஒருத்தி வெறுங்காலோடு நின்று ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும். பத்து வரை நின்றுவிட்டால் சாதாரண நாள். பத்து எண்ணுவதற்குள் காலைத் தூக்கிவிட்டால் அது சுடுகிற நாள். சுடுகிற நாளில் மருந்து அறையில் பேட்டரி சாமான் எதுவும் இருக்கக் கூடாது. யாரோ எழுதிக் கொடுத்த சட்டம் அல்ல. அந்த ஆலைப் பெண்கள் அவர்களாகவே வைத்துக்கொண்ட வழக்கம்.

"அது சீல் வச்ச டப்பாதானே? சர்டிபிகேட் காட்டினாங்களே?" என்றேன்.

"சர்டிபிகேட்டு காட்டுனவுக பஸ் ஏறிப் போயிட்டாகல்ல? மருந்துக்குப் பக்கத்துல உக்காருறது யாரு? காலு சுட்டதும் மூணு டப்பாவையும் பட்டன அமுக்கி அணைச்சு, கேட்டுல அண்ணாச்சிகிட்ட குடுத்துருவோம். மறுநாள் காலையில, லீவு நாளுன்னாலும், அண்ணாச்சி மாட்டிருவாரு. பேக்கிங் ரூம்ல மருந்து கிடையாதுல்ல, அத யாரும் தொடல."

பட்டனை அமுக்கி அணைத்தால் அன்றைய ஃபைலே சேமிக்கப்படாது. நாள் முடியும்வரை ஓடினால்தான் சேமிக்கும். எல்லாம் விளங்கிவிட்டது. வெயில் எந்த நாளில் கொளுத்தியதோ, அந்த நாள்தான் இல்லை. மீதி அறுபத்தொரு நல்ல நாளுக்குச் சராசரி போட்டு, 'எல்லாம் சுகம்' என்று எழுதிவிட்டார் நிபுணர்.

முத்துமாரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "அப்ப எங்க சாட்சிய எங்க கையாலயே அணைச்சுப்புட்டோமாக்கா? மத்த பதினோரு பேரும் என்னைய நம்பிக் கையெழுத்துப் போட்டாளுக. நான் போயி இத எப்படிச் சொல்லுவேன்?"

எனக்கு ஆத்திரம் அவள் மேல் வரவில்லை. "ஏ முத்துமாரி, இங்கே பார். நீங்க செஞ்சது நூத்துக்கு நூறு சரி. மூணு மாசத்துல ஒரு தடவையாவது அவங்க வந்து, 'டப்பா ஓடுதா, யாராவது அணைச்சீங்களா'ன்னு கேட்டாங்களா?"

"மாட்ட வந்தாக. கழட்ட வந்தாக. நடுவுல ஒரு ஈ காக்கா வரல."

"அப்ப அழுறதை நிறுத்து. சாட்சி அணையலை. இப்பத்தான் பேசப் போகுது."

மீதியை அன்று சாயங்காலத்துக்குள் முடித்தேன். எல்லா ஃபைலும் இருக்கிற அறுபத்தொரு நாளில், மருந்து அறை ஒவ்வொரு நாளும் பேக்கிங் அறையைவிட ஒன்றரை டிகிரி அளவுக்குச் சூடு. ஒரு நாள் கூட மாறவில்லை. காணாமல் போன முப்பத்தொரு நாளில் பேக்கிங் அறையே — அந்த வேப்ப மரத்து ஊட்டியே — முப்பத்தொன்பதைத் தொட்டுக்கொண்டு நின்றது. அப்படியானால் மருந்து அறை எங்கே நின்றிருக்கும்? கூட்டிப் பாருங்கள். சிறு பிள்ளைக் கணக்கு. முப்பத்தொரு நாளையும் அப்படிச் சேர்த்தால் மூன்று மாதச் சராசரி முப்பத்தாறைத் தாண்டிவிட்டது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. அதை வாயைத் திறக்காமல் கூட்டத்துக்கென்று மடித்து வைத்துக்கொண்டேன்.

போன புதன்கிழமை கூட்டம். நீள மேஜை. ஒரு பக்கம் முதலாளி, ஃபோர்மேன் சண்முகவேல் அண்ணாச்சி. எதிரே முத்துமாரியும் மற்ற பெண்களும், ஓரத்தில் நான். நடுவில் அதிகாரி அம்மா. நிபுணர் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்துப் புன்னகை செய்தார். சின்னப் பிள்ளைகள் மாறுவேடப் போட்டிக்கு வந்தால் ஒரு புன்னகை செய்வோமே... அது.

என் பட்டியலை அதிகாரியிடம் கொடுத்தேன். அவர் இரண்டு முறை படித்தார். நிபுணரிடம் திரும்பினார். "முப்பத்தொரு நாள் இல்லைன்னு இவங்க சொல்றாங்க. உங்க ரிப்போர்ட்ல இது எந்தப் பக்கத்துல இருக்கு?"

"மேடம், எந்த ஆய்விலும் கொஞ்சம் தரவு இழப்பு சகஜம். எங்க புரோகிராம் காணாத ஃபைல்களை ஆட்டோமேட்டிக்கா கையாளும்."

"எந்தப் பக்கம்னு கேட்டேன்."

"தனியா... குறிப்பிடலை மேடம். பேட்டரி தீர்ந்திருக்கும். அங்கொண்ணு இங்கொண்ணு போறதால சராசரி பெருசா மாறாது."

மடித்து வைத்ததை அப்போதுதான் எடுத்தேன்.

"சார், அந்த மூணு மாசத்துல பதிமூணு ஞாயித்துக்கிழமை வந்துச்சு. ஆலை லீவு. அன்னைக்கு ஒரு நாள் கூட ஃபைல் தொலையலை. தொலைஞ்ச முப்பத்தொண்ணும் வேலை நாள். உங்க பேட்டரி ஞாயித்துக்கிழமை மட்டும் தீராதா?"

அவர் லேப்டாப்பைப் பார்த்தார்.

"இன்னும் இருக்கு. மருந்து ரூம்ல முப்பத்தாறைத் தாண்டின நாள் மொத்தம் அஞ்சு. அஞ்சும் ஞாயித்துக்கிழமை. திங்கள்ல இருந்து சனி வரைக்கும் ஒரு நாள் கூடத் தாண்டலை. சூரியனுக்கு எங்க ஊர்ல ஞாயித்துக்கிழமை மட்டும்தான் டூட்டியா?"

முதலாளிக்கே சிரிப்பு வந்துவிட்டது. வாயைக் கையால் மூடிக்கொண்டார். படி சுட்ட நாளில் பெண்கள் கருவிகளை அணைத்து வெளியே கொடுத்த கதையையும் சொல்லி முடித்தேன்.

ஆனால் நிபுணர் லேசுப்பட்டவர் இல்லை. "பூட்டின அறை சூடாத்தான் இருக்கும். அதனால ஞாயிறு கணக்கு கூடும். மத்த நாள் சூடா இருந்துச்சு, அதனால அணைச்சோம்கிறதுக்கு என்ன ஆதாரம்? இவங்க இப்ப வந்து சொல்றதுதானே?" என்றார்.

நியாயமான கேள்வி. ஒத்துக்கொள்கிறேன். என் பட்டியலில் அதற்கு ஒரு வரி கூட இல்லை.

முத்துமாரி எழுந்தாள். "அண்ணாச்சி, கேட்டு நோட்டக் கொண்டாந்தீகளா?"

பட்டாசு ஆலை வாசலில் ஒரு நோட்டு உண்டு. செல்போன், தீப்பெட்டி, பேட்டரி சாமான் — உள்ளே எது போனாலும் வெளியே எது வந்தாலும் தேதி போட்டு எழுதியாக வேண்டும். சண்முகவேல் அண்ணாச்சியின் கக்கத்தில் அது இருந்தது. கொண்டு வரச் சொல்லி முத்துமாரி முந்தின நாளே அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கிறாள். எனக்குக் கூடத் தெரியாது. அண்ணாச்சி முதலாளி முகத்தைப் பார்த்தார். அவருக்கும் பிழைப்பு இருக்கிறதே.

முதலாளி சொன்னார்: "என்னைய எதுக்குப் பாக்கீக? எழுதுனது நீங்கதான? படிங்க."

அதிகாரி அம்மா என் பட்டியலைப் பார்த்து முதல் தேதியைப் படித்தார். அண்ணாச்சி எச்சில் தொட்டுப் பக்கத்தைப் புரட்டினார். விரலை வைத்துத் தேடினார்.

"படி சுட்டது. டப்பா மூணும் வெளியே."

இரண்டாவது தேதி.

"படி சுட்டது. டப்பா மூணும் வெளியே."

மூன்றாவது. நான்காவது. ஐந்தாவது தேதிக்கெல்லாம் அண்ணாச்சிக்குக் குரல் ஏறிவிட்டது. பத்தாவது தேதியில், "டப்பா மூணும்..." என்று அவர் ஆரம்பிக்க, பெண்கள் எல்லாரும் சேர்ந்து "வெளியே!" என்றார்கள். அதிகாரி அம்மா தலையைத் தூக்கினார். அதட்டப் போகிறார் என்று நினைத்தேன். இல்லை — அடுத்த தேதியை இன்னும் சத்தமாகப் படித்தார்.

முப்பத்தொன்று. ஒன்று கூடாமல், ஒன்று குறையாமல். அந்த நோட்டில் 'படி சுட்டது' என்று இருந்த அத்தனை நாளும் என் பட்டியலில் இருந்தது. என் பட்டியலில் இருந்த அத்தனை நாளும் நோட்டில் இருந்தது. ஒரு ஃபோர்மேனின் பால்பாயிண்ட் பேனா வைத்திருந்த கணக்கை அத்தனை பெரிய லேப்டாப் தொலைத்திருந்தது.

"பேக்கிங் ரூமுக்கு ஃபேன் வேணுமா சார்?" என்று கேட்டாள் முத்துமாரி. நிபுணர் லேப்டாப்பை மூடினார்.

முதலாளி எழுந்தார். "அளவுக்குக் கட்டுப்படுறேன்னு கையெழுத்துப் போட்டவன் நானு. இப்பத்தான் சரியா அளந்திருக்கு. நாளையில இருந்து மருந்து ரூமுக்கு ஆறு டூ பதினொண்ணு. வெயில் இறங்குற வரைக்கும். கூலி கொறையாது. அடுத்த வருஷம் மார்ச்சுல இருந்து தானாவே இந்த நேரம்தான்." அதிகாரி அம்மா அதை அப்படியே எழுதி இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கினார். அந்த ரிப்போர்ட் செல்லாது என்று இன்னொரு வரியும் எழுதினார். அதைத் தனியாக அடிக்கோடிட்டார்.

வெளியே வந்ததும் பெண்கள் போட்ட சத்தத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். சாத்தூருக்கு வந்து இறங்கியதும் ஆளுக்கு ஒரு பொட்டலம் காராச்சேவு. வியாழக்கிழமை பதினொன்றேகாலுக்கு முத்துமாரி எனக்குப் போன் செய்தாள். "அக்கா, பஸ்ஸுல உக்காந்திருக்கேன். வேலை நாளுல மத்தியான வெயில்ல நான் ஆலைக்கு வெளிய இருக்குறது இதாங்க்கா மொதத் தடவ. என்ன செய்யறதுன்னே தெரியல" என்றாள்.

தூங்குடி என்றேன்.

சந்தோஷத்தோடு இங்கேயே முடித்திருப்பேன். நிபுணர் விடவில்லை.

கூட்டம் முடிந்து வயரைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டே என்னிடம் வந்தார். சமாதானமாகப் பேசுகிறாராம். "மேடம், பர்சனலா எடுத்துக்காதீங்க. இதுக்குன்னு தனியா எழுதினது இல்லை. எங்க ஸ்டாண்டர்ட் புரோகிராம். எல்லா சைட்லயும் அதைத்தான் ஓட்டுறோம்."

என்னைத் தேற்றுவதற்கு அவர் சொன்ன வார்த்தை இது. அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை.

எல்லா சைட்டிலுமா? இங்கே முத்துமாரி இருந்தாள். வேப்ப மரத்துக்கு ஃபேன் எதற்கு என்று கேட்கத் தெரிந்தவள். பால்பாயிண்ட் பேனாவோடு ஓர் அண்ணாச்சி இருந்தார். மற்ற இடங்களில் யார் இருந்தார்கள்? எந்த ஆலையில் எந்த அறை 'அளவுக்குள்' என்று உங்கள் வழவழ தாள் சொன்னதை நம்பி இன்று மத்தியானம் யார் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள்?

ஐயா நிபுணரே, எனக்குத் தனியாகப் போன் செய்ய வேண்டாம். சமாதானம் வேண்டாம். அந்தப் புரோகிராமை ஓட்டி நீங்கள் ரிப்போர்ட் கொடுத்த அத்தனை ஊரின் பெயரையும், அங்கே எத்தனை ஃபைல் இருக்க வேண்டும், எத்தனை இல்லை என்பதையும் எழுதி இந்தப் பத்திரிகைக்கு அனுப்புங்கள். இதே பக்கத்தை உங்களுக்குத் தருகிறேன் என்று ஆசிரியரிடம் சொல்லிவிட்டேன். எல்லாரும் படிக்கிற மாதிரி, உங்கள் பெயரைப் போட்டுப் பதில் சொல்லுங்கள் — இன்னும் எத்தனை படி சுட்டுக்கொண்டிருக்கிறது?